திரைப்பாடமும் மாணாக்கர் மனமும்

உயர்நிலை வகுப்பறை ஒன்றிலே சாளரங்கள் சாத்தப்பட்டு, வெண்திரை விரிக்கப்பட்டதும், மாணாக்கர் முகத்திலே ஒரு மலர்ச்சி தோன்றுவதை ஆசிரியர் யாவரும் கண்டிருப்பர். இதயத்தின் அமைப்பைக் கரும்பலகையிலே வெண்கட்டியால் வரைந்து விளக்கியபோது கொட்டாவி விட்ட மாணவனும், அதே இதயம் திரையிலே சுருங்கி விரியக் கண்டதும் நிமிர்ந்து உட்காருகிறான். சொல்லும் படமும், ஒலியும் அசைவும் ஒருங்கே கூடி வந்து கற்பிக்கும் இம்முறையினையே பல்லூடகக் கல்வி என்று இக்காலத்தார் வழங்குகின்றனர்.

அந்த மலர்ச்சியைக் கண்டவர் பலர் விரைவாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர். மாணாக்கர் இம்முறையை விரும்புகின்றனர். ஆகவே இம்முறையால் அவர்கள் நன்கு கற்பர் என்பதே அம்முடிவு. இதன் முற்பகுதி பெரும்பாலும் உண்மை. பிற்பகுதியோ ஆராய்ந்து கொள்ளத்தக்கது. விருப்பம் என்பது ஒன்று. கற்றல் என்பது பிறிதொன்று. இவ்விரண்டும் சில வேளைகளிலே கைகோத்து நடக்கும். சில வேளைகளிலே எதிரெதிர்த் திசையிலும் செல்லும். மாணாக்கர் திரைப்பாடத்தைப் பற்றி என்ன நினைக்கின்றனர் என்று கேட்பதோடு, அவ்வெண்ணத்தை எவ்வாறு பொருள் கொள்வது என்பதையும் ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

படத்தைக் கொண்டு பாடம் புகட்டும் எண்ணம் புதியதன்று. 1658ஆம் ஆண்டிலே கொமேனியசு என்னும் கல்வியறிஞர், இலத்தீன் மொழியைச் சிறுவர்க்குப் படங்களோடு கற்பிக்கும் நூலொன்றை நூரம்பேர்க்கு நகரிலே வெளியிட்டார். அசையும் படம் தோன்றியபின் இவ்வெண்ணம் பெருங் கனவாயிற்று. 1913ஆம் ஆண்டிலே எடிசன், பாடசாலைகளிலே நூல்கள் விரைவில் வழக்கொழியும் என்றும், மனித அறிவின் எல்லாத் துறைகளையும் அசையும் படத்தினாலே கற்பித்தல் கூடுமென்றும் கூறினார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நூல்கள் ஒழியவில்லை. ஆயினும், அக்கனவைச் சில நாடுகள் மெய்யாகவே நடத்திப் பார்த்தன. அந்நாடுகளின் மாணாக்கர் கூறிய தீர்ப்பு இன்றும் கேட்கத்தக்கதாய் இருக்கின்றது.

அவற்றுள் முதலாவது, பசிபிக் சமுத்திரத்திலுள்ள அமெரிக்க சமோவா. 1961ஆம் ஆண்டிலே ஆளுநராகப் பதவியேற்ற ரெக்ஸ் லீ என்பார், அத்தீவுகளின் பாடசாலைகள் மிகத் தாழ்ந்த நிலையில் இருப்பதைக் கண்டார். ஆசிரியருட் பலர் போதிய பயிற்சி அற்றவர்கள். கற்பிக்க வேண்டிய ஆங்கிலமோ அவர்களுக்கே இரண்டாம் மொழி. ஒவ்வொரு வகுப்பிற்கும் தேர்ந்த ஆசிரியரைத் தேடுவதிலும், சில தேர்ந்த ஆசிரியரைத் தொலைக்காட்சி வழியாக எல்லா வகுப்புக்கும் அனுப்புவது எளிதென்று அவர் கருதினார். அலாவா மலையுச்சியிலே ஒளிபரப்புக் கோபுரம் எழுந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே பாடங்கள் தொடங்கின. நாளடைவில் ஆறு அலைவரிசைகளிலே பாடங்கள் சென்றன. திரையிலே தோன்றிய ஆசிரியர் பாடத்தின் கருவைக் கற்பித்தார். வகுப்பிலிருந்த ஆசிரியர் அதற்கு முன்னும் பின்னும் பயிற்சி அளித்தார். தொடக்க வகுப்பு முதல் உயர்நிலை வகுப்பு வரை இதுவே முறையாயிற்று.

எட்டாண்டுகள் சென்றபின், 1972ஆம் ஆண்டளவிலே, மாணாக்கரிடமும் ஆசிரியரிடமும் கருத்து வினவப்பட்டது. தொடக்க வகுப்புப் பிள்ளைகள் தொலைக்காட்சியைப் பெரிதும் விரும்பினர். வகுப்பு ஏற ஏற அவ்விருப்பம் குறைந்து சென்றது. உயர்நிலை மாணாக்கரே யாவரிலும் குறைவாக விரும்பினர். தொலைக்காட்சிப் பாடம் குறைக்கப்படல் வேண்டும் என்பதே அவருட் பலரின் எண்ணமாய் இருந்தது. பின்னர் உயர்நிலைப் பாடசாலைகளிலே திரை படிப்படியாக ஒதுங்கியது. ஆசிரியர் வேண்டும்போது எடுத்தாளும் துணைக்கருவி என்ற நிலையை அடைந்தது.

ஆறு வயதுக் குழந்தை விரும்பியதைப் பதினாறு வயது மாணவன் வெறுத்தது ஏன்? குழந்தைக்குத் திரை ஒரு வேடிக்கை. பாட்டும் படமும் அதன் உள்ளத்தை ஈர்ப்பன. பதினாறு வயதினனுக்கோ ஐயங்கள் உண்டு. ஒருவன் ஒரு கணக்கின் மூன்றாம் படியிலே தடைப்படுவான். மற்றொருவன் அதனை முன்னரே அறிந்திருப்பான். தீவு முழுவதும் ஒரே நேரத்திலே சென்ற பாடம் தடைப்பட்டவனுக்காக நிற்பதுமில்லை, அறிந்தவனுக்காக விரைவதுமில்லை. வினவ விரும்பியவனுக்கு விடை சொல்லும் வாயும் அத்திரைக்கு இல்லை. இலங்கை வானொலியின் கல்வி ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இது புதிய செய்தியன்று. வானொலிப் பெட்டியிலிருந்து வரும் குரல் எத்துணை இனியதாயினும், "ஐயா, இன்னுமொரு முறை" என்று அதனிடம் கேட்டல் இயலாது.

இரண்டாவது சான்று, மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சல்வடோர். அந்நாட்டின் கல்வி அமைச்சராயிருந்த வால்ட்டர் பெனேக்கே, 1968ஆம் ஆண்டிலே பெருங் கல்விச் சீர்திருத்தம் ஒன்றைத் தொடங்கினார். ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குத் தொலைக்காட்சிப் பாடம் வகுக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே 32 வகுப்புகளிலே ஏழாம் வகுப்புப் பாடம் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளிலே விரிந்தது. சமோவாவுக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடொன்று உண்டு. எல் சல்வடோர் திரையை மட்டும் நம்பவில்லை. பாடத்திட்டத்தை மாற்றியது, ஆசிரியருக்கு நீண்ட பயிற்சி அளித்தது, பாட நூல்களையும் புதிதாக எழுதியது. ஒளிபரப்பு ஏறத்தாழ இருபது நிமிடங்களே நீடிக்கும். எஞ்சிய நேரம் வகுப்பாசிரியருக்கு உரியது.

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சிலர் அம்மாணாக்கரை ஆண்டுதோறும் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். முதலாண்டிலே மாணாக்கர் திரைப்பாடத்தைப் பெரிதும் போற்றினர். அடுத்தடுத்த வகுப்புகளுக்குச் சென்றபோது அவ்வார்வம் தணிந்தது. வெறுப்பாக மாறிவிடவில்லை, ஆயினும் முதலாண்டின் சூடு மீளவில்லை. புதுமையின் கவர்ச்சி தேய்ந்தது என்று சுருக்கமாகக் கூறலாம். இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், ஆர்வம் தணிந்த அதே காலத்திலே அவர்களது கல்வி பின்தங்கவில்லை. பொது ஆற்றலை அளக்கும் சோதனைகளிலே, தொலைக்காட்சி வகுப்பு மாணாக்கர் ஏனையோரினும் கூடிய முன்னேற்றம் காட்டினர். அப்பெருமை முழுவதும் திரைக்கே உரியதென்று கூறுதல் பொருந்தாது. பயிற்சி பெற்ற ஆசிரியருக்கும் புதிய பாடத்திட்டத்துக்கும் அதிற் பங்குண்டு. எனினும் ஒன்று தெளிவாகின்றது. மாணாக்கர் முன்போல விரும்பாதபோதும் கற்றல் நடைபெறக்கூடும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. மாணாக்கர் மிக விரும்புகின்றனர், எளிதென்கின்றனர், தெளிவென்கின்றனர்; ஆயின் கற்றல் நடைபெறுவதில்லை. இதுவே ஆசிரியர் அஞ்சத்தக்க நிலை. இதனை விளக்கும் ஆய்வுகள் இரண்டினை இங்கு எடுத்துக் கூறல் தகும்.

கவ்ரியல் சலமன் என்னும் உளவியலறிஞர், தொலைக்காட்சி எளிது, அச்சு கடினம் என்று பிள்ளைகள் கருதுவதன் விளைவை ஆராய்ந்து 1984ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அமெரிக்காவிலே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுள் ஒரு சாரார் ஒரு கதையைத் திரையிலே கண்டனர். மற்றொரு சாரார் அதற்கு இணையான கதையை நூலிலே படித்தனர். நூலைப் படித்தவர்கள், தாம் கூடுதலாக மனத்தைச் செலுத்தியதாகக் கூறினர். கதையிலே வெளிப்படையாகச் சொல்லப்படாத பொருளை உய்த்துணரும் வினாக்களுக்கும் அவர்களே நன்கு விடையளித்தனர். திரையிலே தாம் வல்லவர் என்று எவ்வளவுக்கு ஒரு பிள்ளை நம்பியதோ, அவ்வளவுக்கு அது குறைவாகவே முயன்றது. நூலிலோ, தன்னம்பிக்கை மிக்க பிள்ளையே மிகுதியாக முயன்றது. ஒரே தன்னம்பிக்கை ஓரிடத்திலே உழைப்பைத் தூண்டியது. மற்றோரிடத்திலே உழைப்பைத் துயில வைத்தது. 'இது எனக்குத் தெரிந்ததுதானே' என்ற எண்ணத்தோடு சாய்ந்து உட்காருபவன், கண்ணாற் காண்பான், கருத்தாற் காணான்.

இரண்டாவது ஆய்வு, அவுஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்திலே டெரெக் முல்லர் என்பவர் பௌதிகவியல் படங்களைக் கொண்டு நடத்தியது. 2008ஆம் ஆண்டிலே நிறைவு பெற்றது. அதிற் பங்குபற்றியோர் பல்கலைக்கழகத்துப் புகுமுக ஆண்டு மாணாக்கர். சலமன் ஆராய்ந்த சிறுவர்க்கும் இவர்க்கும் நடுவயதினரே நம் உயர்நிலை மாணாக்கர். ஆதலின் இரு கரையிலும் கண்ட உண்மை நடுவிலும் பொருந்தும் என்று கொள்ளுதல் தவறாகாது.

அப்படங்கள் எடுத்துக்கொண்ட பொருளின் தன்மையை எளிய வினா ஒன்றினால் விளக்கலாம். ஒருவன் பந்தொன்றை மேல்நோக்கி எறிகிறான். பந்து கையைவிட்டு நீங்கி மேலே செல்கிறது. அப்போது அப்பந்தின்மீது தொழிற்படும் விசைகள் எவை? கை கொடுத்த விசை பந்தினுள் இருந்து அதனை மேலே தள்ளுகிறது என்றும், அவ்விசை சிறிது சிறிதாகத் தீர்ந்தபின் பந்து கீழே விழுகிறது என்றும் பலர் எண்ணுவர். இது தவறு. கையைவிட்டு நீங்கிய பின் காற்றின் தடையைக் கருதாவிடின், பந்தின்மீது தொழிற்படுவது புவியீர்ப்பு விசை ஒன்றே. அதுவும் கீழ்நோக்கியே தொழிற்படுகிறது.

இத்தகைய உண்மைகளை நேராகவும் சுருக்கமாகவும் விளக்கிய படம் ஒன்று; ஒரு மாணவர் தம் தவறான எண்ணத்தைக் கூற, ஆசிரியர் அவரோடு உரையாடி அதனைத் திருத்தும் படம் மற்றொன்று. நேராக விளக்கிய படத்தைக் கண்டவர்கள் அது தெளிவாயிருந்தது என்று பாராட்டினர். ஆயின் பின்னர் நடந்த சோதனையிலே அவர்களிடம் முன்னேற்றம் மிகச் சிறிதே. சிலர், தாம் முன்னர் கொண்டிருந்த தவறான கருத்தையே படமும் கூறியதாக நம்பிச் சென்றனர். உரையாடற் படத்தைக் கண்டவர்களோ அது குழப்பமாயிருந்தது என்றனர். மனத்தை அதிகம் செலுத்த நேர்ந்தது என்றனர். சோதனையிலே தெளிவாக முன்னேறியவர்கள் அவர்களே.

இவ்வாய்வின் கருத்து ஆழமானது. தெளிவான படம் மாணவனின் பழைய எண்ணத்தைத் தொடாமலே கடந்து போய்விடுகிறது. தன் தவறு தன் கண்முன் கொண்டுவரப்படாதவரை, அவன் எதனைக் கண்டாலும் தன் கருத்தின் நிழலையே அதிற் காண்கிறான். தவறு வெளிப்படும்போது மனம் சற்றே கலங்குகிறது. அக்கலக்கத்தை மாணவன் 'விளங்கவில்லை' என்று குறைகூறுவான். உண்மையிலே அப்போதுதான் அவனுக்கு விளங்கத் தொடங்குகிறது.

இவற்றைக் கேட்டு, திரையை வகுப்பிலிருந்து அகற்றிவிடலாம் என்று எவரும் எண்ணுதல் வேண்டா. கண்ணுக்குப் புலனாகாத அணுவின் இயக்கம், ஆயிரம் ஆண்டுகளில் நிகழும் புவியியல் மாற்றம், பாடசாலை ஆய்வுகூடத்திலே செய்யத்தகாத அபாயமான பரிசோதனை ஆகியவற்றைக் காட்டுவதற்கு அதனினும் சிறந்த துணை இல்லை. அதனை எவ்வாறு அமைப்பது என்பதே கேள்வி. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே ரிச்சட் மேயர் என்னும் அறிஞர் இத்துறையிலே பல்லாண்டு உழைத்தவர். மின்னல் எவ்வாறு உண்டாகிறது என்பதை விளக்கும் சிறு பாடமொன்றை அவரும் அவருடன் சேர்ந்தோரும் பல வகையாக மாற்றி மாற்றிச் சோதித்தனர். மின்னலால் தாக்குண்டோர் பற்றிய சுவையான செய்திகளையும் படங்களையும் பாடத்திலே சேர்த்தபோது, மாணாக்கர் மின்னலின் காரணத்தைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தனர். சுவைக்காகச் சேர்த்தது பொருளை மறைத்தது. 2001ஆம் ஆண்டிலே வெளிவந்த மற்றோர் ஆய்விலே, அதே பாடம் பதினாறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி முடிந்தபின், கற்பவர் விசையை அழுத்தினாலன்றி அடுத்த பகுதி தொடராது. அவ்வாறு தம் நடைக்கேற்பப் பார்த்தவர்கள், அறிந்ததைப் புதிய வினாக்களிலே எடுத்தாள்வதில் மேம்பட்டனர்.

சமோவா மாணாக்கரின் மனக்குறையும் இவ்வாய்வின் முடிவும் ஒன்றையொன்று விளக்குவனவாய் உள்ளன. அன்றைய திரை எவருக்காகவும் நிற்கவில்லை. இன்றைய காணொளியை நிறுத்தலாம், பின்னோக்கித் திருப்பலாம், இரவிலே விளக்கொளியில் மீண்டும் பார்க்கலாம். உயர்நிலை மாணாக்கர் இன்று காணொளிப் பாடத்தை நாடுவதற்கு இவ்வுரிமை ஒரு பெருங் காரணம் எனலாம். ஆயின் நிறுத்தும் உரிமை இருந்தாற் போதாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று அறியும் அறிவும் வேண்டும். தனக்கு விளங்காத இடம் எது என்பதை அறியாத மாணவன் எங்கும் நிறுத்தான். ஒருமணி நேரக் காணொளியை ஒரே மூச்சிற் பார்த்து முடித்து, 'எல்லாம் விளங்கிற்று' என்று எழுந்து செல்வான். விடைத்தாளிலே எழுதப் புகும்போதே அவ்விளக்கத்தின் வெறுமை அவனுக்குத் தெரியவரும்.

இலங்கையிலே இது வெறும் ஏட்டு ஆராய்ச்சியன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொரோனாத் தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வி ஒரே நாளிலே திரைக்குள் புகுந்தது. தொலைக்காட்சியிலே பாடங்கள் சென்றன. ஆசிரியர் பலர் வாட்ஸ்அப் வழியாகப் பயிற்சித்தாள் அனுப்பினர். வீட்டிலே தந்தையின் கைத்தொலைபேசி ஒன்றை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. ஊவா மாகாணத்துக் கிராமங்களிலே, அலை கிடைக்கும் இடம் தேடி மாணாக்கர் குன்றின்மீதும் மரத்தின்மீதும் ஏறியதை 2021ஆம் ஆண்டிலே செய்தித்தாள்கள் வெளியிட்டன. மரக்கிளையிலே அமர்ந்து கற்க முயன்ற மாணவனிடம் 'திரைப்பாடம் உனக்கு விருப்பமா' என்று கேட்டால், அவன் சொல்லும் விடை திரையைப் பற்றியதாகுமா, கிளையைப் பற்றியதாகுமா? மாணாக்கர் மனநிலையை ஆராய்பவர் இதனை மறத்தலாகாது. ஊடகத்தின்மீது காட்டப்படும் வெறுப்பு, பலவேளைகளிலே அதனை அடைவதற்குப் பட்ட துன்பத்தின் வெறுப்பாகும்.

வேறொரு புறமும் உண்டு. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தகுந்த ஆசிரியர் நெடுங்காலம் வாராத பின்தங்கிய பாடசாலைகளிலே, திரையிலே தோன்றும் ஆசிரியரே சில பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். நகரத்து மாணவன் சலிப்போடு காணும் காணொளியை அப்பிள்ளை கையேட்டிலே குறிப்பெடுத்துக் கற்கிறது. அவ்வார்வம் போற்றத்தக்கது. ஆயின் அதே பிள்ளைக்குத்தான், 'நீ விளங்கிக்கொண்டது சரிதானா' என்று கேட்க அருகிலே ஒருவரும் இல்லை. திரையை அனுப்பிவிட்டோம், இனி ஆசிரியர் வேண்டியதில்லை என்று நிருவாகத்தார் எண்ணுவாராயின், சமோவாவின் பிழையை அறுபதாண்டு கழித்து மீண்டும் செய்தவராவர். விஞ்ஞான ஆசிரியர் இல்லாத இடத்திலும், வினா எழுப்பிச் சிந்திக்க வைக்கும் ஆசிரியர் ஒருவர் திரையின் அருகே இருத்தல் வேண்டும். அவர் வேறு பாடத்து ஆசிரியராயினும் குற்றமில்லை.

அவ்வாசிரியர் செய்யத்தக்கது பெருஞ் செலவுடையதன்று. படத்தைத் தொடங்குமுன், அதிலே வரப்போகும் நிகழ்ச்சி எவ்வாறு முடியும் என்று மாணாக்கர் ஒவ்வொருவரையும் ஒரு வரி எழுதச் செய்யலாம். பந்து மேலே செல்லும்போது அதன்மீது என்ன விசை என்று முதலில் எழுதியவன், படத்தை வேடிக்கையாகப் பார்க்கமாட்டான். தன் விடை நிற்கிறதா வீழ்கிறதா என்று பார்ப்பான். நான்கு ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி, கண்டதைத் தம் சொல்லிற் கூறச் செய்யலாம். முடிவிலே, முதலில் எழுதிய வரியைத் திருத்தி எழுதச் செய்யலாம். சலமன் கண்ட சோர்வுக்கும் முல்லர் கண்ட மயக்கத்துக்கும் இம்மூன்றும் நல்ல மருந்தாகும்.

மாணாக்கரிடம் கருத்துக் கேட்கும் முறையும் மாறுதல் வேண்டும். 'படம் பிடித்ததா' என்ற வினாவுக்குப் பெரும்பாலும் 'ஆம்' என்ற விடையே வரும். அதனால் ஆசிரியர் அறிவது சிறிது. 'எந்த இடத்திலே படத்தை நிறுத்த விரும்பினாய்? பார்க்குமுன் நீ எண்ணியதில் எது மாறிற்று? இன்னும் கேட்க விரும்புவது யாது?' என்று வினவினால், மாணவனின் மனம் திறக்கும். மூன்று வினாவுக்கும் 'ஒன்றுமில்லை' என்று விடை கூறுபவன், படத்தை விரும்பினான் எனினும் கற்றான் என்று கொள்வதற்கில்லை. 'இந்த இடம் எனக்குக் குழப்பமாயிருந்தது' என்று முணுமுணுப்பவனைக் கண்டு ஆசிரியர் மனந்தளர வேண்டியதில்லை. அவ்விடத்திற்குப் படத்தைத் திருப்பி, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.